பெட்டிக்குப் போட்ட குக்கர் ரப்பர்

எனக்குத் தீ என்றால் பயம். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "தெனமும் கேஸ் அடுப்பு முன்னாடி நிக்கிறவளுக்கு என்ன பயம்லா?" என்பார். அடுப்புத் தீ வேறு. திருகினால் வரும், திருகினால் போய்விடும். நான் பயப்படுவது பேட்டரித் தீக்கு. அது யாரையும் கேட்டுக்கொண்டு வராது. வந்த பிறகு யார் சொல்லியும் போகாது.

அவருக்குச் சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள் அந்தப் பெரிய யந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் முழங்கை நீளத்துக்கு ஒரு ரிமோட் காரைத் தூக்கிக்கொண்டு பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவார். ஐம்பதை நெருங்கும் மனிதர். பிடோக் பக்கம் ஒரு திடலில் நடக்கும். பத்துப் பேர் மேடையில் ஏறி வரிசையாக நின்று ரிமோட்டைத் திருகுவார்கள், கீழே கார்கள் சீறும். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துப் போனால் மிரண்டுவிடுவீர்கள். காலில் இடித்தால் எலும்பு போய்விடும், அப்படி ஒரு வேகம்.

அந்த வேகமெல்லாம் வருவது காருக்குள் இருக்கும் லைப்போ என்கிற பேட்டரியிலிருந்து. இரண்டு சோப்புக் கட்டியை ஒட்டிவைத்த அளவுதான் இருக்கும். அதிகமாகச் சார்ஜ் ஏற்றினால் அதற்கு ஆகாது. வெயில் ஆகாது. அடிபட்டால் சுத்தமாக ஆகாது. கோபம் வந்தால் பூரி மாதிரி உப்பும். உப்பியதோடு விட்டால் நம் நல்ல நேரம்.

முதல்முறை நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போன அன்று ஒருவருடைய கார் ஓரத்துப் பலகையில் மோதிப் புரண்டது. ஓடிப்போய் எடுத்து வந்தார், துடைத்தார், மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. நான் என்னவென்று எட்டிப் பார்ப்பதற்குள் ஆளுயரத்துக்குத் தீ நாக்கு நீண்டுவிட்டது. வாளி மணலைக் கொட்டினார்கள். அடங்கியது. அப்பாடா என்று எல்லோரும் பேச ஆரம்பித்த பிறகு மணலுக்குள்ளிருந்து திரும்பவும் எரிந்தது. அணைந்ததாக நடித்துவிட்டு எழுந்து வருகிற தீயை நான் அதுவரை கண்டதில்லை.

அன்று காரில் திரும்பும்போது கேட்டேன். "இதே சாமானத்தானே நீங்க நம்ம வீட்டுல, மெத்தைக்குப் பக்கத்துல வெச்சு சார்ஜ் போடுறீங்க?"

"ஜாக்கிரதையாத்தானே போடுறேன்."

"அந்த ஆளும் ஜாக்கிரதையாத்தான் மேசமேல வெச்சாரு."

அன்றையிலிருந்து வீட்டுப் பேட்டரிகளை நான் கைப்பற்றிவிட்டேன். சார்ஜ் போடும்போது தீப்பிடிக்காத பைக்குள் வைத்துத்தான் போடவேண்டும், ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். பேட்டரியை வெளியே எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி உள்ளே வைப்பதும் என் வேலை. அவரை நம்பி விடமுடியாது. பந்தயத்துக்கும் கூடவே போக ஆரம்பித்தேன். மணல் வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே எனக்கு வைத்த பெயர் தீயணைப்பு அக்கா. சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாங்கள் இருப்பது சுவா சூ காங்கில், அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. வெளியே போக ஒரே ஒரு வாசல். அந்த வாசலுக்கும் படுக்கை அறைகளுக்கும் நடுவே பாம் ஷெல்டர். ஓரளவு புதிய அடுக்குமாடி வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும்: போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கனமான கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் போட்ட ஒரு சின்ன அறை. போர் வரவில்லை, ஆகவே எல்லோர் வீட்டிலும் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் அதற்குள் கிடக்கும். எங்கள் வீட்டில் பேட்டரிப் பெட்டியும் கிடந்தது.

பெட்டி அவர் வாங்கியது. பீச் ரோடு பக்கம் ராணுவச் சாமான் விற்கும் கடைகள் உண்டு, கட்டாய ராணுவச் சேவைக்குப் போகிற பிள்ளைகள் பூட்ஸுக்கும் பைக்கும் போவார்கள். அங்கேயிருந்து தோட்டா வைக்கும் பச்சை இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பந்தயக்காரர்களில் பாதிப் பேர் அதில்தான் பேட்டரி வைப்பார்கள். மூடியை அழுத்தி நெம்புகோலைத் தட்டினால் டப்பென்று இறுகிக்கொள்ளும். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வந்த அன்றே மூடியின் உள்பக்கம் சுற்றி ஓடிய கறுப்பு ரப்பரைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

"எதுக்குங்க நல்ல ரப்பர பிய்க்கிறீங்க?"

"வேணாம், விடு" என்றார்.

அவ்வளவுதான் பதில். அவரையும் குறை சொல்லமுடியாது. எனக்கு வாய் நீளம். பேட்டரி பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் ஒன்பது வார்த்தை சொல்லி, அழுது, அன்றைக்குச் சோறு இறங்காமல் பண்ணிவிடுவேன். அதனால் அவர் சுருக்கமாகப் பேசப் பழகிவிட்டார். நான் என்ன நினைத்தேன்? புதுச் சட்டை வாங்கினாலும் காலர் அட்டையைக் கிழித்து எறிகிற மனிதர், இதையும் அப்படித்தான் எறிந்தார் என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது நகச்சாயம் அழிக்கும் மருந்துபோல ஒரு தித்திப்பு வாசனை வந்தது. ஒரு பேட்டரி கசிந்திருந்தது. அதைக் கழித்துக்கட்டிவிட்டோம். ஆனால் வாசனை என் மூக்கைவிட்டுப் போகவில்லை. வாசலைக் கடக்கும்போது வரும். குளிக்கும்போதுகூட வரும். என் மகளும் அவரும் மோந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள். மூடி இறுக்கமாக இல்லை, அதுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. வாசனை வெளியே வருகிற இடுக்கில் நாளைக்குத் தீயும் வரும் அல்லவா? படுத்தால் தூக்கம் இல்லை. மகளுடைய அறையிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி என்று மனம் அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். பதினெட்டு அடி. ஒன்பதாவது அடியில் பாம் ஷெல்டர்.

எனக்கு வேலை லிட்டில் இந்தியாவில், ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில், முன்மேசையில். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இறங்கி சிராங்கூன் ரோட்டைத் தாண்டி, சந்துக்குள் இருக்கும் பாத்திரக் கடைக்குப் போனேன். குக்கர் உதிரிச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும்.

"குக்கர் ரப்பர் ரெண்டு வேணும் தம்பி. பெருசா."

"எத்தன லிட்டர் குக்கர்க்கா?"

"குக்கருக்கு இல்ல. ஒரு இரும்புப் பெட்டிக்கு. மூடி டைட்டா இருக்கணும்."

"பெட்டியில சோறு வடிக்கப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். நானும் சிரித்தேன். கிளினிக்கில் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஏதோ பெரிய காரியம் சாதித்ததுபோல இருந்தது.

அவர் இல்லாத நேரத்தில் ரப்பரை வெட்டி, மூடியின் பள்ளத்தில் பசை போட்டு ஒட்டினேன். காய்ந்ததும் நெம்புகோலைத் தட்டிப் பார்த்தேன். மூக்கை வைத்து மோந்தேன். ஒரு பொட்டு வாசனை இல்லை. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "வேணாம், விடு" என்பார், சண்டை வரும். பெட்டியை நான்தான் திறக்கிறேன், மூடுகிறேன், அவர் ஏன் பார்க்கப்போகிறார்? அதற்கப்புறம் ஒரு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

மகள் உயர்நிலை நான்கில் இருந்தாள். அந்த வருடம் ஓ லெவல் பொதுத்தேர்வு. அவள் படிக்க உட்காருவது பாம் ஷெல்டருக்குள். சுவர் கனம் என்பதால் அங்கே போனுக்கு சிக்னல் வராது, "போன் வந்தா படிக்கமாட்டேம்மா" என்று அவளே கண்டுபிடித்த ஏற்பாடு. அரிசி மூட்டைக்கு எதிரே மடக்கு மேசை, ஒரு சின்னக் காற்றாடி. கதவு பாதி திறந்திருக்கும். பெட்டி அவள் காலடியில்தான் இருந்தது. முன்பென்றால் விட்டிருக்கமாட்டேன். ரப்பர் போட்ட தைரியத்தில் விட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவர் அரைநாள் வேலை முடிந்து பயிற்சிக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். கார் தூணில் மோதி அடிப்பாகம் நசுங்கிவிட்டது. பேட்டரியின் ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பள்ளம். பழைய பொங்கல் பானையில் மணல் கொட்டி வைத்திருந்தோம், அதில் பேட்டரியைப் புதைத்துத் துணி காயப்போடும் ஜன்னலோரம் வைத்தார். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்னப்பா, அதையே பாக்குறீங்க?" என்று மகள் கேட்டாள்.

"அடி வாங்குன பேட்டரிய ஆளில்லாம விடக்கூடாது. ஒடனே ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள வேல நடந்துக்கிட்டு இருக்கும்."

அவர் ராத்திரிச் சாப்பாடுவரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை, உப்பவில்லை. "ஒண்ணும் ஆகல. மண்ணுலயே இருக்கட்டும், திங்கக்கெழம பழைய பேட்டரி வாங்குற எடத்துல கொண்டுபோய்க் குடுத்துடுறேன். நீ தொடாத" என்று சொல்லிவிட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றக் கீழே போனார்.

நான் அந்தப் பானையைப் பார்த்தேன். மேலே கம்பில் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் பிடோக்குக்குப் போய்விடுவோம், பிள்ளை தனியாக இருப்பாள். மண் சட்டி எங்கே, என் இரும்புப் பெட்டி எங்கே. அடுப்படி இடுக்கியால் பேட்டரியைத் தூக்கி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்து, பெட்டிக்குள் வைத்து, நெம்புகோலைத் தட்டினேன். டப். மனது நிம்மதியாகிவிட்டது.

மகள் ரொட்டி தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஷெல்டருக்குள்ள ஒக்காராத. ஹால்லயே படி, சரியா?" என்றேன். பெட்டிமேல் நம்பிக்கை இருந்தது. இருந்தாலும் தாய் மனது.

"சரிம்மா."

திடலில் பதினோரு மணி சுமாருக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம், பாட்டுச் சத்தம் தாங்கவில்லை, ஷெல்டருக்குள் போகிறேன், பை. ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் அடுக்குமாடிகளுக்குக் கீழே கல்யாணம் நடப்பது புதிது இல்லை. ஒலிபெருக்கி வைத்தால் ஒன்பதாவது மாடிக்கும் கேட்கும். நான் சரி என்று ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மணல் வாளிக்குத் திரும்பினேன். ஆமாம், அனுப்பினேன். அந்தக் கட்டைவிரலை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பந்தயம் நின்றது. எல்லோரும் கூடாரத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எல்லோருடைய பேட்டரியையும் சோதித்து அனுப்புகிறவர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், எங்களுக்கெல்லாம் அண்ணன். புதிதாக வந்த ஒருவர் தோட்டாப் பெட்டியைத் திறந்துவைத்து அண்ணனிடம் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"ரப்பர எடுத்தீங்களா? ஆ, எடுத்தாச்சு, நல்லது."

எனக்குக் காது கூர்மையாயிற்று. "ஏண்ணே, ரப்பர் இருந்தா என்ன? டைட்டா இருக்குமே."

அண்ணன் நிமிர்ந்தார். "தீயணைப்பு அக்கா, உங்களுக்குத் தெரியாததா? உள்ள பேட்டரி பத்திக்கிச்சுன்னா புகை மட்டுமா வரும், கேஸ் வரும். அம்புட்டும் வெளிய போகணும்ல? மூடி லூசா இருந்தா புஸ்ஸுன்னு போயிரும். எரியும், அவ்ளோதான். டைட்டா மூடியிருந்தா?" தன் தொப்பியைக் கழற்றி உதறிக்கொண்டே சொன்னார். "குக்கருக்கு விசில் இருக்கு. அந்தப் பெட்டிக்கு என்ன இருக்கு? இரும்புப் பெட்டிலா. வெடிச்சா துண்டு துண்டாப் பறக்கும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல உதாரணம் அல்லவா. எனக்குக் கூடாரமும் மழையும் எங்கேயோ தூரத்தில் போய்விட்டன. விசில் அடைத்துக்கொண்ட குக்கர் என்ன பண்ணும் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூலையில் நசுங்கிய பேட்டரி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு நான் போட்ட ரப்பர் இருந்தது. என் பிள்ளை அதற்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்தேன். தொடர்பில் இல்லை என்றது. மறுபடி. மறுபடி. அவளே கண்டுபிடித்த ஏற்பாடு அல்லவா, எப்படிக் கிடைக்கும்? எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவுக்கு அடித்தேன். எடுத்தார். மலேசியாவில், ஜொகூரில் தங்கை வீட்டில் இருந்தார். என் வீட்டுக்காரரைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வீட்டுக்குப் போகணும். இப்பவே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ரிமோட் காரையும் பையையும் மேசைமேல் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். வண்டி பி.ஐ.இ. விரைவுச்சாலையில் ஏறிய பிறகுதான் கேட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"அந்த அடி வாங்குன பேட்டரிய நான் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன்."

"தொடாதன்னு சொன்னேன்ல? சரி விடு, மூடி லூசுதானே, பரவால்ல."

"லூசு இல்லீங்க. ரப்பர் போட்டிருக்கேன்."

"ரப்பரா? என்ன ரப்பர்?"

"குக்கர் ரப்பர்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயைத் திறக்காமல் முன்னால் திரும்பி வேகத்தைக் கூட்டினார். அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. கோபப்படக்கூட நேரமில்லாத அளவுக்கு அது பெரிய விஷயம் என்று அந்த மௌனத்தில் புரிந்தது.

"பாப்பா ஹால்லதானே இருக்கா?" என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்.

அவள் அனுப்பிய செய்தியைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தார்.

மழைத்துடைப்பான் போய்ப் போய் வந்தது. முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இது எவ்வளவு பெரிய ஊர் என்று அன்றுதான் தெரிந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தொடர்பில் இல்லை. தொடர்பில் இல்லை. அந்தப் பதிவுசெய்த குரல்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"தீயணைப்புக்கு அடி" என்றார்.

எண்ணை அழுத்தினேன். என்ன சொல்வது? ஐயா, என் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, அதற்கு நான் குக்கர் ரப்பர் போட்டேன், இன்னும் எரியவில்லை, ஆனால் எரியலாம் என்றா? வெட்கமாக இருந்தது. மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். இதை நான் அவரிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை. "லைன் போகல" என்று பொய் சொன்னேன். பிள்ளையின் உயிருக்கும் என் வெட்கத்துக்கும் நடுவே நான் வெட்கத்தைக் காப்பாற்றினேன், சில நிமிடங்களுக்கு. பிறகு திரும்ப அடித்தேன். எடுத்தவரிடம் முகவரியைச் சொன்னதும், அந்த பிளாக்கிலிருந்து ஏற்கெனவே தகவல் வந்துவிட்டது, வண்டி போய்விட்டது என்றார்.

ஏற்கெனவே.

நான் கத்தியது எனக்கு நினைவில்லை. வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் பிளாக்குக்கு முன்னால் சிவப்பு வண்டி நின்றது. அவர் வண்டியை நிறுத்துவதற்குள் நான் கதவைத் திறந்து இறங்கி விழுந்து எழுந்து ஓடினேன். கீழ்த்தளம் வெறிச்சென்று ஈரமாகக் கிடந்தது. தூண்களைத் தாண்டி மின்தூக்கிப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம். ஒரு சீனக் கிழவர், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண், ஐந்தாறு பேர். கடிதப் பெட்டிகளுக்குக் கீழே தரையில், யாரோ போர்த்திய துண்டோடு, செருப்பில்லாமல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கணக்குப் புத்தகம்.

போன உயிர் திரும்பி வந்தது. அவளைத் தூக்கி முகத்தைத் தடவினேன், கையைத் தடவினேன், காலைத் தடவினேன். "எங்கடி பட்டுச்சு? எங்க? சொல்லுடி!"

"ஒண்ணும் இல்லம்மா. விடுங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

தொண்டை கம்மியிருந்தது. அவ்வளவுதான். சத்தம் கேட்டது, தித்திப்பு வாசனை வந்தது, போனை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்து இரும்புக் கதவைத் தள்ளிச் சாத்தினேன், படியிறங்கி ஓடி எட்டாவது மாடித் தாத்தா வீட்டைத் தட்டினேன், அவர்தான் போன் பண்ணினார் என்று சொன்னாள். பாடம் ஒப்பிப்பதுபோல வரிசையாகச் சொன்னாள். அவள் அப்பா அதற்குள் வந்துவிட்டார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மேலேயிருந்து தீயணைப்பு வீரர் ஒருவர் இறங்கி வந்தார். நம் பிள்ளைதான், தமிழ் பேசினார். "யாரு கதவ சாத்துனது? நீயா? குட். அந்தக் கதவாலதான் வீடு தப்பிச்சுச்சு. ரூம் மட்டும்தான் கருகியிருக்கு." பிறகு எங்களைப் பார்த்தார். "பேட்டரி பெட்டி உங்களோடதா? மூடி தொறந்து இருந்துச்சு. அதுவும் நல்லதாப்போச்சு. பூட்டியிருந்தா வேற கத."

"தொறந்தா இருந்துச்சு?" என்றேன். "நான் பூட்டினேனே. காலைல நல்லாப் பூட்டினேன்."

வீரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் மகளைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தொறந்தியா?"

"ம்."

"எப்ப?"

"எப்பவும்தான். நீங்க ரப்பர் ஒட்டினதுலேருந்து. நீங்க பூட்டுவீங்க, நான் போய்த் தொறந்து மூடிக்கு அடியில ரூலர் வெச்சிடுவேன். நீங்க எடுக்க வர்றதுக்கு முன்னாடி மூடிடுவேன். பூட்டினா வெடிக்கும்னு அப்பா அன்னிக்கே என்கிட்ட சொன்னாங்க, பழைய ரப்பர் பிய்க்கிறப்போ. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவான்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடி?"

"நீங்க தூங்குனீங்கம்மா" என்றாள். "ரொம்ப நாள் கழிச்சுத் தூங்குனீங்க."

அறையவேண்டும் போலிருந்தது. கையும் ஓங்கினேன். ஓங்கிய கை அவள் தலைமேல் போய் நின்றது, முடியெல்லாம் புகை நாற்றம். அப்போதுதான் எனக்கு அந்த வெறிச்சோடிய கீழ்த்தளம் உறைத்தது. பந்தல் இல்லை. நாற்காலி இல்லை. ஒரு காகிதத் தட்டுகூட இல்லை. மழைத் தண்ணீர் மட்டும் தூணோரம் ஓடிக்கொண்டிருந்தது.

"கல்யாணம் எங்கடி? பாட்டுச் சத்தம்னு மெசேஜ் போட்டியே?"

அவள் புத்தகத்தை மூடினாள்.

"கல்யாணம் இல்லம்மா. நீங்க இடுக்கியில தூக்கிட்டுப் போனத பாத்தேன். போனவுடனே தொறந்து வெச்சேன். அப்புறம் ஹாலுக்கு வந்து ஒக்காந்தேன், மனசு கேக்கல. உள்ள போனா போன் கெடைக்காது, தேடுவீங்க; ஷெல்டருக்குப் போறேன்னு சும்மா சொன்னா பயப்படுவீங்கன்னுதான் கல்யாணம்னேன்." அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என்னை. "அடி வாங்குன பேட்டரிய ஆளில்லாம விடக்கூடாதுல்ல? நீங்க ரெண்டு பேரும் போயிட்டீங்க. வேற யாரு இருக்கா?"